அவர் எழுதிய காரணம்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் பக்கத்து அறை அவருடையது. மெலிந்த உருவம், பின்னலில் எப்போதும் செருகியிருக்கும் பென்சில். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஆய்வுகூடத்தில், முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சின் மூளையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனக்கா எந்த நேரமும் மணி பார்க்கிறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூளையில ஒரே வகைக் கலம்தான், செல் எண்டு சொல்லுறது, முதல்ல நரம்புக் கலங்களை உண்டாக்கும். பிறகு அதுக்குள்ள வேறொரு ஜீன் வேலைசெய்யத் தொடங்கினதும், நரம்புகளைத் தாங்கிற கிளியாக் கலங்களை உண்டாக்கும். அது மாறுற நேரத்தில முட்டையைத் திறக்கவேணும். பிந்தினா ஒண்டும் தெரியாது."

அப்படித் திறக்கவேண்டியிருந்த ஒரு காலையில்தான், தமிழர் இருக்கும் வீடுகளைச் சோதித்து ஆட்களைப் பிடிக்கும் சுற்றிவளைப்பு எங்கள் தெருவில் நடந்தது. எங்கள் இருவரையும் பொலிசுக்கு ஏற்றிப்போனார்கள். கொழும்பில் என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார்கள். அவர் முட்டைகளைப் பற்றிச் சொன்னார். அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அவர் நேரே ஆய்வுகூடத்துக்கு பஸ் ஏறினார்.

இருட்டும்போது திரும்பி வந்தவர் ஆய்வுக் குறிப்புக் கொப்பியைத் திறந்து, "பன்னிரண்டு முட்டையும் வீண். காரணம்: நான் பிந்திவிட்டேன்" என்று எழுதினார்.

"பொலிஸ் கொண்டுபோனது எண்டு எழுதுங்கோவன், அக்கா."

"அது முட்டைக்குத் தெரியாது, தங்கச்சி. நான் வரேல்லை. அவ்வளவுதான்" என்று கண்களை மூடிக்கொண்டார்.

அது நேர்மையா, பயமா, வெறும் களைப்பா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் நான் வேலைசெய்த கந்தோரில், முதல்நாள் வராததற்குக் கொடுத்த லீவுக் கடிதத்தில் நான் காய்ச்சல் என்று எழுதியிருந்தேன்.