சிறுத்துப்போன கையெழுத்து

என் கணவர் திண்டுக்கல்லில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதியவர். நான் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

கோபமாக இருந்தால் என்ன காரணம் என்று கேட்டிருப்பேன். கோபமும் தெரியவில்லை. மகள் பாட்டுப் போட்டியில் ஜெயித்த கிண்ணத்தை நீட்டினாள். சுவரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். கண் இமைக்கக்கூட இல்லை. பிள்ளை முகம் வாடி உள்ளே போய்விட்டது. இந்த மனுஷனுக்கு எங்கள் மேல் பிரியம் விட்டுப்போயிற்று, மனசு வேறெங்கோ இருக்கிறது என்று அன்றே முடிவுகட்டினேன்.

அதன்பிறகு கண்ணில் பட்டதெல்லாம் எனக்குச் சாட்சியானது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். வீட்டுச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு ஓட்டலில் சாப்பிட்டார். அது மதுவிலக்குக் காலம். ஒருநாள் கடைவீதியில் ஒரு போலீஸ்காரர் அவரை நிறுத்தி, "யோவ், வாயை ஊது," என்றாராம். வாசனை இல்லை என்று விட்டுவிட்டார். நான் விடவில்லை. துவைக்கப் போட்ட சட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது, அகரத்து விவசாயி ஒருவர் வாசலில் காத்திருந்தார். கையில் இரண்டு பத்திரங்கள்.

"அய்யா, தப்பா நெனைக்காதீக. இது போன வருசம் நீங்க எழுதுனது. எழுத்து அம்புட்டும் முத்து முத்தா இருக்கு. இது போன வாரம் எழுதுனது. எறும்பு ஊர்ந்த மாதிரியில்ல இருக்கு? நெசமா நீங்கதான் எழுதுனீகளா?"

"நாந்தான்," என்றார் அவர். குரலும் அந்த எழுத்தைப்போலவே சிறுத்திருந்தது.

விவசாயி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. யாரையோ எழுதவைத்துவிட்டு இவர் எங்கேயோ போய்வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் அரைநாள். மத்தியானம் வந்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சாராய பாட்டிலையோ யாருடைய கடிதத்தையோ தேடினேன். வேட்டிக்கு அடியில் மாத்திரைப் புட்டிகள்தான் கிடந்தன. பல காலி. கூடவே, ரத்தக் கொதிப்புக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டு: தினம் ஒன்று.

சாயங்காலம் புட்டிகளை அவர் முன்னால் வைத்தேன். "ஒண்ணுதான எழுதியிருக்கு? எத்தனை திங்கிறீங்க?"

ஒரு புட்டியை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தார். பிறகு, "மூணு. சில நாள் நாலு," என்றார். "எங்கப்பா நாப்பது வயசுல பக்கவாதத்துல விழுந்தாரு. எனக்கும் நாப்பது வந்திருச்சு புள்ள."

மதுரையில் ஒரு நரம்பு வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அவர் புட்டியை வாங்கிப் படித்துவிட்டு, என் கணவரின் முழங்கையை மடக்கிப் பார்த்தார். அது பல்சக்கரம் சுற்றுவதுபோல் விட்டுவிட்டு மடங்கியது. "இது சர்ப்பகந்தி வேர்லேருந்து எடுக்கிற மருந்தும்மா. அளவு மீறினா நடுக்குவாதம் மாதிரியே கொண்டுவரும். முகம் இறுகிப்போகும், எழுத்து சிறுக்கும், மனசும் சோர்ந்துபோகும். மருந்தை நிறுத்தினா திரும்பிடுவார்," என்றார்.

திரும்பும்போது ரயில் கொடைரோட்டில் செத்த நேரம் நின்றது. சன்னலைப் பார்த்தபடியே என் கணவர் சொன்னார்: "உடம்பு இப்படி ஆகவும், நீதான் சோத்துல எதையோ கலக்குறேன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. நான் சட்டையை முகர்ந்ததைச் சொன்னேன். 

நடை சரியாவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. எழுத்து அதற்கும் பிறகு. முதல் தடவை அவர் சிரித்தபோது நான் கூடச் சிரிக்கவில்லை. மறைவாக எதையாவது தின்கிறாரா என்று வாயைத்தான் பார்த்தேன். அந்தப் புத்தி என்னைவிட்டுப் போக ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் டாக்டருக்குப் படித்த என் தங்கை மகள் விவரம் சொன்னாள். மூளையின் நடுவில் கருப்பாக ஒரு திட்டு உண்டாம். அதிலுள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. நினைத்தவுடன் கை அசைவது அதனால்தான். "பெரியப்பாவுக்கு அந்த மாத்திரை, அணுக்கள் சேர்த்துவெச்சதைத்தான் காலி பண்ணிச்சு, பெரியம்மா. அணுக்கள் உசிரோட இருந்ததால மறுபடி ஊறிருச்சு. நெசமான நடுக்குவாதத்துல அணுக்களே செத்துப்போகுது."

அதைக் கேட்டபின் என் கணவர், கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற வாத்தியாரைத் தேடிப் போனார். வாத்தியாரின் கை ஓயாமல் ஆடும். குடித்துக் கெட்டவர் என்று ஊரில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அய்யா, என்ன மாத்திரை சாப்பிடுறீக?"

"ஒண்ணுமில்லை தம்பி. எந்த மாத்திரையும் சாப்பிட்டதில்லை."

இது நெசமான நடுக்குவாதம்தான் என்று என் கணவருக்கு விளங்கிவிட்டது. வாத்தியாரின் மனைவி காப்பி கொண்டுவந்தார். இவர் டம்ளரை வாங்கி, ஆறவைத்து, வாத்தியார் வாயருகே பிடித்துக்கொண்டார். பெரியவர் சிந்தாமல் குடித்துமுடித்தார்.