பால் பாட்டிலில் பல் தடம்

மாரிச்செல்வி யாரையும் லேசில் நம்ப மாட்டாள். காய் வண்டிக்காரன் தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். பஸ் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் தள்ளி நிற்கிற இன்னொருவரிடமும் கேட்பாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்த ரகம்தான். அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

இடைசெவலில் நாங்கள் ஒரே தெரு. கோவில்பட்டியில் வேலையும் ஒரே ஜவுளிக்கடையில். நான் சேலைப் பிரிவில் நிற்கிறேன், அவள் பில் போடுகிறாள். அவள் புருஷன் திருப்பதி போர்வெல் வண்டியோடு வடக்கே போனான் என்றால் மழை விழுந்த பிறகுதான் ஊர் திரும்புவான். மாமியார் இல்லை. புதூரில் இருக்கும் அவள் அம்மா இடுப்பு எலும்பு உடைந்து படுத்துவிட்டாள். வீட்டில் அவளும் மாமனார் பரமசிவனும் கைப்பிள்ளை பாலகணேசும்தான்.

பக்கத்து வீடு திருப்பதியின் அண்ணன் ஜெயபாண்டியுடையது. முன்பு இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். கரிசல் காட்டில் வரப்பைத் தள்ளி வெட்டிவிட்டான் என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, முற்றத்தின் நடுவே செங்கல் சுவர் எழும்பிவிட்டது. ஆண்கள் இருவரும் வேலை வெட்டி என்று வெளியே போய்விட்டார்கள். பகையைக் காப்பாற்றும் பொறுப்பு பெண்கள் தலையில் விழுந்தது. ஜெயபாண்டியின் மனைவி ரேணுகாதேவியும் மாரிச்செல்வியும் அந்தப் பொறுப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. பேச்சு அடியோடு நின்றுபோனது. பேசியே ஆகவேண்டுமென்றால் நடுவில் நிற்கிற யாரிடமாவது, "அவகிட்டச் சொல்லுங்க" என்று தொடங்குவார்கள். ரேணுகாவுக்கும் ஒரு கைப்பிள்ளை உண்டு, தவழ்கிற வயதுப் பெண். அந்த வீட்டுக் காற்றுகூடத் தன் பிள்ளைமேல் படக்கூடாது என்று மாரிச்செல்வி மாமனாரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் கடையில் பிள்ளை பெற்றவளுக்காக வெகுநாள் நாற்காலியைக் காலியாக வைத்திருக்க மாட்டார்கள். ஆடித் தள்ளுபடி தொடங்குமுன் வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கோ இன்னும் கழுத்தே சரியாக நிற்கவில்லை. இந்த வயதில் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வேறு பால் உள்ளே போகக்கூடாது என்பது அவள் வைராக்கியம். வேலையையும் விடக்கூடாது, பிள்ளைக்கு வேறு பாலும் புகட்டக்கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி இழுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, பாலை எடுத்து வைத்துவிட்டுப் போவதுதான்.

மருந்துக்கடையில் கையால் அமுக்குகிற பம்பு ஒன்றும் பாட்டில்களும் வாங்கி வந்தாள். ஆரம்பத்தில் பம்பில் பாட்டிலின் அடி நனைகிற அளவுக்குத்தான் வந்தது. பிள்ளை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் வைத்து எடுத்தால் நன்றாக இறங்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னாள். அப்படியே வந்தது. எடுத்ததைப் பிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் மேலே ஏடு திரண்டிருந்ததைப் பரமசிவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல கட்டியான பால் என்று சான்றிதழ் கொடுத்தார். மாட்டுப்பாலைப் பார்த்த பழக்கம் அவருக்கு. அடுப்பில் வைத்துக் காய்ச்சிவிடுவார் என்று மாரிச்செல்விக்குப் பயம். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வெதுவெதுப்பாக்கினால் போதும் என்று தினமும் பாடம் நடத்தினாள்.

பால் தயார். குடிக்க வேண்டியவன்தான் தயாராக இல்லை. ரப்பர் உதட்டில் பட்டதும் பாலகணேசு நாக்கால் தள்ளினான். அவள் மடியில் வைத்துக் கொடுத்தால் பாட்டிலை விட்டுவிட்டு அவள் மாராப்பைத் தேடினான். சங்கில் ஊற்றினாலும் துப்பினான். நீ கண்ணில் படாதே, வாசம்கூட வரக்கூடாது, வேறு ஆள் கொடுக்கட்டும் என்றாள் நர்ஸ். வேறு ஆள் என்று இருந்தது முறுக்கு மீசை வைத்த பரமசிவன் ஒருவர்தான். மருமகளின் பழைய சேலையைத் தோளில் சுற்றிக்கொண்டு, பிள்ளையை ஏந்தி, பாட்டிலும் கையுமாக முற்றத்தில் நடந்தார். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை. மனுஷன் மானத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தார், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வேலையில் சேர்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாய்ந்து அவர் காலிப் பாட்டிலோடு வந்தார்.

"குடிச்சிட்டான் தாயி. சொட்டு விடல."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சந்தேகம்தான் வந்தது. நேற்று வரைக்கும் துப்பியவன் இன்றைக்கு எப்படிச் சொட்டு விடாமல் குடிப்பான்? ஆனால் வேலைக்குப் போகிறவளை வாசலில் நிறுத்திக் குழப்புவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடையில் அவள் பட்டது வேறு பாடு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குடோனில் நைட்டி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பால் எடுப்பாள். நான் கதவடியில் காவல். ஐஸ்கட்டி போட்ட வாயகன்ற பிளாஸ்கில் பாட்டிலை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள், மறுநாளைக்கு அது. எங்கள் கடையில் வேலை முடிந்து போகும்போது பெண்களின் பையைத் திறந்து காட்டித்தான் போகவேண்டும். சூப்பர்வைசர் இசக்கிபாண்டிக்கு இவள் குடோனுக்குள் போவதும் வருவதும் முதல்நாளே கண்ணை உறுத்திவிட்டது. ரவிக்கைத் துணி எதையோ பிளாஸ்கில் திணிக்கிறாள் என்று நினைத்திருப்பார் போல. எல்லாரும் நிற்கும்போது அதைத் திறக்கச் சொன்னார். அவள் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. எம் பிள்ளைக்கு எடுத்த பாலு. பாத்துட்டு மூடிக் குடுங்க."

இசக்கிபாண்டியின் முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வந்தால் அவர் வானத்தைப் பார்ப்பார். அன்றைக்கு பஸ்ஸில் அவள் அழுதாள். களவாணியைப் போல் நிறுத்தி வைத்துப் பார்த்தானே என்று ஊர் வந்து சேரும்வரை புலம்பினாள். சந்தேகப்பட்டால் எப்படி வலிக்கும் என்று அன்றைக்கு அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? கொஞ்ச நாளில் அவளே மாமனாரைச் சந்தேகப்படத் தொடங்கினாள்.

காரணம் இல்லாமல் இல்லை. சாயங்காலம் மார் கனத்துப்போய் ஓடி வருவாள். பாலகணேசு ஆசைக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். பசித்த பிள்ளை இப்படியா செய்யும்? பாட்டிலில் வைத்துப்போனது இவ்வளவு வயிறு நிறைக்கிற அளவும் இல்லை. கன்னம் வேறு உப்பிக்கொண்டே வந்தது. மத்தியானம் போனில் கூப்பிட்டால் பிள்ளை அழுகிற சத்தமே கேட்காது. ஒருநாள் வளையல் சத்தம் கேட்டது என்று முகம் வெளுத்துப்போய் என்னிடம் சொன்னாள். அது யார் வளையல் என்று அவரிடம் கேட்டதற்கு, ஆட்டுக் கழுத்து மணி என்றாராம்.

அப்புறம்தான் அந்தத் தடம். பாட்டிலைக் கழுவும்போது ரப்பரின் அடியில் நசுங்கிய மாதிரி இருந்ததை வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பல் பட்ட அடையாளம். கடைக்குக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, குடோனில் வைத்து எனக்குக் காட்டினாள். பாலகணேசுக்கோ ஈறில் ஒரு வெள்ளைகூடத் தட்டவில்லை.

"ஏட்டி, ஒம் மாமனாரு வாயில பல்லு எப்பிடி, கெட்டியா இருக்கா?" என்றேன்.

"சிரிக்காதீங்கக்கா. அந்த ஆட்டுக்குட்டிக்குத்தான் ஊத்துதாரு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்குப் பின்னால் பரமசிவனின் ஆட்டுப்பட்டியில் தாய் செத்துப்போன குட்டி ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் தாயில்லாக் குட்டிக்குப் பாட்டிலில்தான் பால் புகட்டுவோம். நினைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. பிள்ளை பாட்டிலைத் தொடவில்லை. அதை மறைக்க அவர் பிள்ளைக்கு ஆட்டுப்பாலைச் சங்கில் புகட்டுகிறார், இவள் பாலை வீணாக்க மனமில்லாமல் குட்டிக்குக் கொடுக்கிறார். குடோனில் மூட்டை மறைவில் முதுகு ஒடிய உட்கார்ந்து எடுத்த பால் ஆட்டுக்குட்டிக்கா என்று அவள் பல்லைக் கடித்தாள். பிள்ளைக்குப் போகிற ஆட்டுப்பால் அதைவிடப் பயமாக இருந்தது அவளுக்கு.

ஆனாலும் மாரிச்செல்வி ஆடு மாடு வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவள். மறுநாள் விடிந்ததும் பட்டிக்குப் போய்க் குட்டியைத் தொடையிடுக்கில் அமுக்கி வாயைத் திறந்தாள். ஆட்டுக்கு முன்வாயில் கீழ்ப்பல்தான் உண்டு, மேலே வெறும் ஈறுதான். ரப்பரிலோ மேலும் பதிந்திருந்தது, கீழும் பதிந்திருந்தது. அது மனுஷப் பல். குட்டியின் மேலிருந்த பழி அத்தோடு போயிற்று. அவளுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. என் வீட்டில் என் பாலைக் குடிக்கிற மனுஷப் பிறவி யார், அப்படியானால் என் பிள்ளை எதைக் குடிக்கிறான் என்று பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வேலையை விட்டுவிடுகிறேன் அக்கா என்றாள். மாமனாரை முகத்துக்கு நேரே கேட்டாலும் அவர் சொட்டு விடாமல் குடித்தான் என்றுதான் சொல்வார்.

அந்த வாரத்திலேயே முதலாளி வீட்டில் ஒரு துக்கம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கடையை அடைத்துவிட்டார்கள். பால் எடுக்கக்கூட இருக்காமல் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். வழி நெடுக மாரை இறுக்கிக் கையைக் கட்டிக்கொண்டு வந்தாள், வலி. இறங்கியதும் என் வீட்டுக்குத் திரும்பாமல் நானும் கூடப் போனேன். போகாமல் இருப்பேனா?

வீடு திறந்து கிடந்தது. தொட்டில் காலி. பிரிட்ஜில் பாட்டில் இல்லை. பின்பக்கம் பட்டியை ஒட்டி அந்தச் செங்கல் சுவர் முடியாமல் நிற்கிற இடத்தில் ஒரு ஓலைத்தட்டி சாத்தியிருக்கும். அன்றைக்கு அது விலகிக் கிடந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விறுவிறு என்று அதன் வழியே அந்த வீட்டுப் பக்கம் நுழைந்தாள்.

ரேணுகாதேவி வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பாலகணேசு. பால் குடித்துக் கண் சொக்கி, காம்பை இன்னும் வாயில் வைத்திருந்தான். எதிரே கட்டிலில் பரமசிவன். அவர் மடியில் ரேணுகாவின் மகள் மாரிச்செல்வியின் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, ரப்பரைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பரமசிவன் எழுந்திருக்கப் பார்த்து, மடியில் பிள்ளை இருந்ததால் மறுபடி உட்கார்ந்தார்.

"எம் பிள்ளைக்கு வச்ச பாலு மாமா அது" என்றாள் மாரிச்செல்வி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரேணுகா பதில் சொன்னாள். முகம் மாமனார் பக்கம் இருந்தது.

"அவகிட்டச் சொல்லுங்க மாமா. அந்த ஞாயித்துக்கெழம இவன் அழுத அழுகைல எனக்குச் சேல நனைஞ்சிட்டு. சண்ட போடத்தான் வந்தேன், பிள்ளைய அழ விட்டுட்டு அவ எங்கன போய்ட்டான்னு. வந்தவ கைல வாங்கிட்டேன். பெறவு எங்கன விட?"

பரமசிவன் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"ரெண்டு பிள்ளைக்கு ஊற நான் என்ன கறவ மாடா? எம் மவ பாட்டில்ல குடிப்பா. அதான் அவ பாலு இவளுக்கு. ஒரு நாளும் கீழ ஊத்தலன்னு சொல்லுங்க. ஆட்டுப்பாலும் குடுக்கல, மாட்டுப்பாலும் குடுக்கல."

சொன்னால் வேலையை விட்டுவிடுவாய் தாயி, இல்லையென்றால் பிள்ளையைப் பட்டினி போடுவாய், அதனால்தான் சொல்லவில்லை என்றார் பரமசிவன் தரையைப் பார்த்தபடி.

மாரிச்செல்வி தன் பிள்ளையைப் பார்த்தாள். எவள் வீட்டுக் காற்று ஆகாது என்றாளோ, அவள் மடியில் தன் பிள்ளை கொழுத்துப்போய்த் தூங்குகிறான். பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அதற்குத்தான் கையை நீட்டினாள். அதற்குள் அந்தச் சின்னவள் பாட்டிலை விட்டுவிட்டுக் கட்டிலிலிருந்து வழுக்கி இறங்கினாள். பாட்டிலில் பால் தீர்ந்துபோயிருந்தது. தவழ்ந்து வந்து மாரிச்செல்வியின் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அண்ணாந்து முகர்ந்தாள். பிறகு வாயைத் திறந்துகொண்டு சிணுங்கத் தொடங்கினாள்.

மாரிச்செல்வியின் ரவிக்கை எங்கள் கண்ணெதிரே நனைந்தது. இரண்டு கையையும் வைத்து அமுக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை. அழுகையும் வந்துவிட்டது. பரமசிவன் எழுந்து ஆடுகளைப் பார்ப்பதுபோல் தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அவள் அந்த வேப்பமரத்தடியிலேயே, ரேணுகாவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, சின்னவளைத் தூக்கி மடியில் போட்டாள்.

ரேணுகா திரும்பிப் பார்த்தாள். சொல்லி அனுப்ப அங்கே மாமனார் இல்லை. நான் இருந்தேன், என் பக்கம் பார்க்கவும் இல்லை.

"செல்வி, அவளுக்கு மேப்பல்லு மொளைச்சிட்டு. கடிச்சான்னா மூக்கப் பிடி, விட்டுருவா."