சின்னம்மா சொன்ன சாட்சி

எங்கள் கரையில் அந்த நாட்களில் சபை என்றால் இரண்டு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிற மத்தியஸ்த சபை. வேலி எல்லை, நாய் கடித்தது, வாய்ச்சண்டை கைச்சண்டையானது என்று பொலிசுக்கு அலுத்துப்போன வழக்குகளை அங்கே அனுப்பிவிடுவார்கள். இளைப்பாறிய வாத்திமார் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்து, இரண்டு பகுதியையும் கதைக்கவிட்டு, களைத்த பிறகு சமாதானம் செய்துவைப்பார்கள். மற்றது, போர் முடிந்த பிறகு வவுனியாப் பக்கமிருந்து வந்த ஒரு போதகர், மீனவர் வலை வைக்கிற வலைவாடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு நடத்திய சபை. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். ஊர் இரண்டையுமே வெறுமனே சபை என்றுதான் சொன்னது. எதைச் சொல்கிறார்கள் என்பது சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கு அப்போது ஒன்பது வயது. முகம் பார்க்கத் தெரியாது.

நாங்கள் பருத்தித்துறைக் கரையில் மீன் பிடிக்கிற சைவக் குடும்பம். அதற்காக வேதக்காரர் எங்களுக்குப் புதியவர்கள் இல்லை. மாதா கோயில் திருநாளுக்கு அம்மாவும் போய் மெழுகுதிரி கொளுத்துவார். குருநகரிலிருந்து இறால் வாங்க வருகிறவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, அவர்கள் சிலுவை போட்டு முடிக்கும்வரை அப்பா சோற்றில் கை வைக்கமாட்டார். ஆனால் தகரச் சபை வேறு மாதிரி. அங்கே போனால் திருநீற்றை விடவேண்டும். மாதாவையும் விடவேண்டும். “மாதாவையே வேண்டாம் எண்டுறவங்கள் எங்கடை பிள்ளையாரை என்ன பாடு படுத்துவாங்கள்” என்று பெரியமாமி கேட்பார்.

பெரியமாமி அப்பாவின் தமக்கை. எங்கள் வளவுக்குள்ளேயே தனி வீட்டில் இருந்தார். ஒருவரைப் பற்றி ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழுந்தால் அந்த ஆள் சாகும்வரை அந்தச் சொல்லோடுதான் திரியவேண்டும். போதகரின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் போடுகிற வெள்ளைச் சட்டைக்காக மாமி வைத்த ‘வெள்ளைச் சேட்டு’ என்ற பெயர்தான் தெரியும்.

எங்கள் வீட்டிலிருந்து அந்தச் சபைக்குப் போனது சின்னம்மா, அம்மாவின் தங்கை. அவருடைய கணவரான சித்தப்பாவும் அப்பாவும் ஒரே படகில் தொழில் செய்தார்கள். சித்தப்பா அருமையான மனிதர், குடிக்காமல் இருக்கிற நேரங்களில். அந்த நேரங்கள் குறைந்துகொண்டே வந்தன. சின்னம்மா முதலில் முருகனுக்கு நேர்த்தி வைத்தார். பிறகு மாதாவிடம் போனார். அதற்கும் பிறகுதான் தகரச் சபை. “உவள் ஆசுப்பத்திரி மாறுற மாதிரிச் சாமி மாறுறாள்” என்றார் மாமி. நோயின் பெயரை மாமி ஒருநாளும் சொன்னதில்லை. அது குடும்பத்து விஷயம்.

அந்த வருடம் சித்திரை வருசப்பிறப்பு முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை, பொழுதுபடுகிற நேரம், கரையில் குனிந்திருந்து அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரை யாரோ பின்னாலிருந்து துடுப்பால் அடித்துவிட்டார்கள். அடிபட்டவர் எங்கள் ஒழுங்கையில், தெரு முனை வீட்டுக்காரர். அதற்கு முதல்நாள் காலைதான் அவருடைய வலையை எங்கள் படகு அறுத்துவிட்டது என்று அவருக்கும் சித்தப்பாவுக்கும் வாய்த்தர்க்கம் நடந்திருந்தது. மணிக்கட்டுப் பிசகி, கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் பொலிசுக்குப் போனார். முகத்தைக் காணவில்லை, ஆனால் ஆளைத் தெரியும் என்றார்.

எங்கள் வீடு ஒரே குரலில் மறுத்தது. சித்தப்பா அன்று முழுக்கக் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். “நான்தானே கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் குடுத்தனான்” என்று அம்மா பொலிசுக்கும் சொன்னார், மீன் வாங்க வந்தவர்களுக்கும் சொன்னார். எல்லாரும் சொல்லிச் சொல்லி அந்தக் கஞ்சி எனக்கே நினைவில் இருந்தது. சின்ன வெங்காயம், உள்ளிப்பூண்டு, கொஞ்சம் மிளகு, இறக்குகிற நேரம் தேங்காய்ப்பால். மணம்கூட நினைவிருந்தது. சின்னம்மாவிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று கிழமை கழித்துப் பொலிஸ் வழக்கை மத்தியஸ்த சபைக்கு அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பகுதியும் வரவேண்டும். அதற்கு முதல் வியாழக்கிழமை, இரவலாக வாங்கிய சுளகைத் திருப்பிக் கொடுக்க அம்மா என்னைச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார். வாசலில் போதகரின் மனைவி இருந்தார். என் கன்னத்தைத் தடவி, “பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா சபையிலை சாட்சி சொல்லப் போறா. அம்மாட்டைச் சொல்லுங்கோ, எல்லாரும் வாங்கோ” என்றார்.

நான் அதை ஒரு எழுத்துச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

அப்பா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “ஆருக்குச் சாட்சி?”

“தெரியாது. எல்லாரையும் வரட்டாம்.”

“எல்லாரையும் வரட்டாமோ?” என்றார் மாமி. “புருசனைக் காட்டிக் குடுக்கிறதுக்கு ஊருக்கு அழைப்பு வேறை.”

“அவள் அப்பிடிச் செய்யமாட்டாள், மச்சாள்” என்றார் அம்மா. சொன்ன விதத்தில் செய்வாள் என்பது போலிருந்தது.

“அங்கை உண்மை பேசப் பழக்குறாங்களாம். பேசட்டன். வெளியாலை பேசட்டும். குடும்பத்துக்குள்ளை என்னத்துக்கு உண்மை?” என்றார் மாமி.

சித்தப்பா மாட்டினால் பொய் சொன்ன மற்றவர்களும் சேர்ந்து மாட்டுவார்கள். படகுக்கும் ஆள் இல்லாமல் போகும். அதெல்லாம் அப்பாவின் முகத்தில் எழுதியிருந்திருக்கும். நான் வாசிக்கவில்லை.

அம்மாவும் மாமியும் உடனே சின்னம்மா வீட்டுக்குப் புறப்பட்டார்கள். நானும் பின்னால் இழுபட்டேன். சின்னம்மா கிணற்றடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நீ சபையிலை சாட்சி சொல்லப் போறியாம்?” என்றார் மாமி, இருக்காமலே.

“ஓம் மச்சாள்.”

“என்னெண்டு?”

“ஆண்டவர் இவருக்குச் சுகம் தந்தவரெல்லே. அதைச் சொல்லப் போறன்.”

“எங்கை?”

“எங்கடை சபையிலைதான். காலமை எட்டு மணிக்கு. வேறை எங்கை?”

மாமி கிணற்றுக் கட்டில் தொப்பென்று இருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கும் வந்தது. காய்ச்சல் சுகமானதற்கு நன்றி சொல்லப் போகிறாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமியின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அடிபட்டவரின் மனைவியும் தகரச் சபைக்குத்தான் போகிறவர், முன்வரிசைப் பாயில் இருக்கிறவர். அவர் காதால் கேட்கத்தக்கதாக, சாமிக்கு முன்னால், ஒலிபெருக்கியில், சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு சாட்சி. இரண்டு மணித்தியாலம் கழித்து மற்றச் சபை.

“நல்லாச் சொல்லு பிள்ளை” என்றார் மாமி. “மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடி. முணுமுணுக்காதை.”

சின்னம்மா செதிலைச் சுரண்டிக்கொண்டே தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார் கோயிலுக்குக் கட்டுகிற சீலையைக் கட்டிக்கொண்டு மாமி தகரச் சபைக்கு வந்தார். நெற்றியில் திருநீறு மூன்று கோடு. போதகர் அவரைக் கண்டு மகிழ்ந்துபோய் இருக்கக் கதிரை கொடுத்தார். அப்பாவும் சித்தப்பாவும் வாசலோடு நின்றார்கள். சித்தப்பா மினுக்கிய சேட்டுப் போட்டிருந்தார். “கொஞ்சம் சோர்ந்த மாதிரி நில்லு” என்று மாமி அவருக்குச் சொல்லியிருந்தார், ஒரு மாதத்துக்கு முந்திய காய்ச்சலுக்காக.

பாட்டு முடிந்தது. சின்னம்மா எழும்பி, மாமி சொன்னபடியே மைக்கைக் கிட்டப் பிடித்தார்.

“நான் கனகாலமாய் ஒரே ஒரு காரியத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தனான். என்ரை மனுசன் குடியை விடவேணும் எண்டு. வருசப்பிறப்பு முடிஞ்சு வந்த செவ்வாய்க்கிழமை, பொழுதுபட்டாப் பிறகு இவர் கரையிலையிருந்து வீட்டை வந்தார். நல்ல குடிவெறி. என்ரை தலையிலை கையை வைச்சு, இனி இந்தச் சனியனைத் தொடமாட்டன் எண்டு அழுதார். அண்டைக்குப் பிறகு ஒரு சொட்டுக் குடிக்கேல்லை. இந்தச் சுகத்துக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

சபை முழுக்க அல்லேலூயா என்றது. நானும் கை தட்டினேன். சித்தப்பா குடியை விட்டது எவ்வளவு நல்ல செய்தி. ஆனால் பக்கத்திலிருந்த அம்மா தட்டவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துத் தன் மடியில் அமத்தினார். முன்பாயில் அடிபட்டவரின் மனைவியும் தட்டவில்லை. அவர் திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மாவும் அவரைப் பார்த்தார். பிறகு இரண்டுபேரும் ஒன்றாகவே கண்ணை மூடிக்கொண்டார்கள், போதகர் செபம் தொடங்கியதால். மாமி கதிரையை விட்டு எழும்பவேயில்லை. வாசலில் அப்பா மட்டும் நின்றார்.

பள்ளிக்கூட மண்டபத்துக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். நானும் சின்னம்மாவும் வெளியே வேப்பமரத்தின் கீழ் இருந்தோம். உள்ளே நடந்ததைப் பிறகு மாமி எத்தனையோ தரம் நடித்துக் காட்டியிருக்கிறார். வாத்தியார் “சாட்சி ஆரும் இருக்கினமோ?” என்று கேட்க வாய் திறக்க முதலே சித்தப்பா எழும்பி, “எனக்குக் காய்ச்சல் இல்லை. அடிச்சது நான்தான்” என்றாராம். அடிபட்டவர் தூக்கிக் கட்டிய கையோடு எழும்பிக் கேட்டாராம்:

“இதைச் சொல்ல ஒரு மாசமோடா? அண்டைக்கே வந்து சொல்லியிருந்தால், வழுக்கி விழுந்திட்டன் எண்டு ஆசுப்பத்திரியிலை சொல்லியிருப்பனே.”

அடிபட்டவரின் கை சுகமாகும்வரை சித்தப்பா அவர் படகில் தொழிலுக்குப் போவது என்று முடிவானது. அப்பாவோடு கோபித்துக்கொண்டுதான் அங்கே போகிறார் என்று நான் நினைத்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

சின்னம்மாவிடம் இப்போதும் கேட்பேன், தெரிந்துதான் சொன்னீர்களா என்று. “நான் நன்றிதானே சொன்னனான்” என்பார். முகத்தைப் பார்ப்பேன். இப்போது எனக்கு முகம் பார்க்கத் தெரியும், ஆனால் அந்த முகத்தில் ஒன்றும் இருக்காது. சித்தப்பா இன்றுவரை குடிப்பதில்லை, சபைக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னம்மாவைச் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாசலில் நிற்பார்.

பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து வந்த அன்று பின்னேரம் அம்மா அடுப்பை மூட்டிக் கஞ்சி காய்ச்சினார். சின்ன வெங்காயம், உள்ளி, மிளகு, கடைசியில் தேங்காய்ப்பால். தூக்குச் சட்டியில் ஊற்றி என் கையில் தந்தார்.

“முனை வீட்டிலை கொண்டுபோய்க் குடுத்திட்டு வா.”

“ஏன், அவருக்கும் காய்ச்சலோ?”

“ஓம். போ.”

ஒழுங்கையில் நடக்கும்போது மூடியைக் கொஞ்சம் திறந்து மணந்து பார்த்தேன். சித்தப்பாவுக்குக் காய்ச்சின கஞ்சியின் மணம் எனக்கு நன்றாக நினைவிருந்தது; இது அந்த மணம் இல்லை. அம்மா இந்த முறை மிளகைக் கூடப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, மூடியை அழுத்தி மூடிக்கொண்டு நடந்தேன்.