கட் சொல்லும்வரை

என் மாமனார் தஸ்தகீர் அந்தக் காலத்துப் படங்களில் கதாநாயகர்களுக்குப் பதிலாக விழுந்தவர். சேலத்து ஸ்டுடியோவில் மாடியிலிருந்தும் குதிரையிலிருந்தும் விழுவது அவர். கைதட்டல் வாங்குவது கதாநாயகன். அவர் முகம் ஒரு படத்திலும் தெரியாது. அதில் கோபமெல்லாம் எனக்குத்தான், அவருக்கு இல்லை.

அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. டைரக்டர் ‘கட்’ சொல்லும்வரை விழுந்தவன் அசையக் கூடாது. அசைந்தால் ஃபிலிம் வீண். மறுபடியும் விழ வேண்டும். விலா எலும்பு முறிந்த அன்றும் அவர் பிணம் போலத்தான் கிடந்தாராம். ஷூட்டிங் பார்க்கப் போயிருந்த அவர் மனைவி, என் மாமி மெஹர்பானு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாராம்.

போன வாரம், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டு மாடிப்படியில் கால் வழுக்கி உருண்டுவிட்டார் மனிதர். கண்ணை மூடிக் கிடந்தார். மூச்சு இருந்தது, அசைவில்லை. “அத்தா, அத்தா!” என்று என் மனைவி ரிஹானா கதறினாள். நான் ஆம்புலன்சுக்கு போன் போட்டேன்.

சமையலறையிலிருந்து ஓடிவந்த மாமி ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து, அவர் காதருகே அதட்டினார்.

“கட்!”

மாமனார் கண்ணைத் திறந்தார். “ஷாட் ஓகேவா?”

போன உயிர் திரும்பி வந்தது போல நானும் ரிஹானாவும் சிரித்துவிட்டோம். மாமி சிரிக்கவில்லை. மாமனாரின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்பல்லாம் எவனோ கட் சொல்ற வரைக்கும், நீங்க இருக்கீங்களா போயிட்டீங்களான்னு தெரியாம நின்னேன். இனி நான்தான் சொல்லுவேன். சொன்னா எந்திரிச்சிடணும்.”