சேர்மனின் ஏப்ரன்

போன வாரம் எங்கள் நகராட்சியின் புதிய சேர்மன் ஒரு தட்டையான தோல் பையை என் மேஜை மேல் வைத்தார். பெரிய சாப்பாட்டுத் தட்டு ஒன்று நுழையும் அகலம், மூன்று பக்கமும் சுற்றி வரும் பித்தளை ஜிப். "இத்த உன் பீரோல வைம்மா, வீட்ல வச்சா பேஜாரு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. பாவம், அந்த மனிதர் என்னிடம் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் பைக்குள் என்ன இருக்கிறது என்று திறக்காமலே எனக்குத் தெரியும். இதே மாதிரி ஒரு பை, இதே இரும்பு பீரோவில், இரண்டாவது தட்டில், முந்தைய சேர்மன் காலம் முழுவதும் இருந்தது. பீரோ சாவி டைப்பிஸ்டான என்னிடம்தான் இருந்தது.

முந்தைய சேர்மன் வேலூரில் ஒரு சகோதர சங்கத்தில் உறுப்பினர். மாதம் ஒரு முறை பழைய மண்டபம் ஒன்றில் கூடுவார்கள். பெரிய டாக்டர், வக்கீல், தோல் பதனிடும் ஷெட் முதலாளி, அரசியல்வாதி, எல்லாரும் அங்கே ஒருவரை ஒருவர் 'பிரதர்' என்றுதான் கூப்பிட வேண்டும். உள்ளே போகும்போது இடுப்பில் வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன் கட்ட வேண்டும். உறுப்பினர் செத்தால் அந்த ஏப்ரனை உடம்போடு வைத்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: மண்டபத்துக்குள் கட்சி அரசியல், மதம் இரண்டையும் பற்றி மூச்சு விடக் கூடாது. பூஜை அறை இருக்கிற வீட்டில் தோல் சாமான் வேண்டாம் என்று சேர்மனின் மனைவி கறாராகச் சொல்லிவிட்டதால் அந்த ஏப்ரன் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. இந்த ஊரில் சோறு போடுவதே தோல்தான், அதற்கு இப்படி ஒரு மரியாதை!

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வும் அதே சங்கத்தில் 'பிரதர்'. வெளியே அவர் எதிர்க்கட்சி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கூட்டத்தில் எங்கள் சேர்மன் மைக்கைப் பிடித்தால், "தொகுதிக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க வக்கில்லாத எம்.எல்.ஏ." என்றுதான் ஆரம்பிப்பார். அடுத்த வாரம் அதே இடத்தில் எம்.எல்.ஏ. வந்து, "நகராட்சிய அடகு வச்ச சேர்மன்" என்பார். ஜனங்கள் இரண்டு கூட்டத்துக்கும் போய்க் கை தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து காலிக் குடத்தைப் பார்ப்பார்கள்.

அந்தக் காலிக் குடங்களில் ஒன்று எங்கள் வீட்டுடையது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷெட்டுக்கும் போகிறவர்கள். தோல் கழிவு ஊறி ஊறிக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க லாரி வர வேண்டும். அம்மா ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்து முட்டியைக் கெடுத்துக்கொண்டவள். அந்த முட்டியோடு லாரிக்குப் பின்னால் நிற்பாள். நான் ஆபீசுக்கு வந்துவிடுவேன், லாரியோ நான் கிளம்பிய பிறகுதான் வரும். தெருவுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி கட்ட நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது. எம்.எல்.ஏ. தன் தொகுதி நிதியிலிருந்து தரப் பரிந்துரைத்தால் போதும். அதற்கு சேர்மன் ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற இடத்தில் சேர்மனின் முகம் சுண்டியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

"தபால் செக்‌ஷன்ல குடுத்துடட்டுமா சார்?"

"வேணாம்மா. அவங்க ஆளுங்க கையில மாட்டுனா மேடையில படிச்சிக் காட்டுவானுங்க. நானே நேர்ல குடுத்துடுறேன்."

அடுத்த மாதம் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "அந்த லெட்டர தேதி மாத்தி இன்னொண்ணு அடிச்சிடும்மா" என்றார். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னார். சரி, எம்.எல்.ஏ. வாங்கி வாங்கிக் குப்பையில் போடுகிறார் போல என்று நினைத்தேன். அந்த மனிதரை மனதுக்குள் நான் திட்டாத திட்டில்லை. அம்மாவோ என்னையே பிடித்துக்கொள்வாள். "ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுற தோஸ்துங்கன்னு சொல்ற. அப்புறம் இன்னாடி கேடு, ஒரு தொட்டி கட்டுறதுக்கு?"

ஒரு நாள் சேர்மன் பையை மறந்துவிட்டுப் போய்விட்டார். போன் வந்ததும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வேலூருக்கு ஓடினேன். மண்டபத்து கேட்டுக்கு வெளியே இந்தப் பக்கம் ஒரு கட்சிக் கொடி கட்டிய கார், அந்தப் பக்கம் இன்னொரு கட்சிக் கொடி கட்டிய கார். டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உள்ளே வராந்தாவில் சேர்மன் நின்றிருந்தார். தோள்பட்டை வலியால் அவருக்குக் கை பின்னால் போகாது. ஏப்ரனை வயிற்றில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டவர் எம்.எல்.ஏ.! "டைட்டா இருக்கா பிரதர்?" என்று கேட்டார். குழந்தைக்கு ஸ்கூல் பெல்ட் மாட்டிவிடுகிற கரிசனம் அந்தக் குரலில் இருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? நான் துணிந்து வாயைத் திறந்தேன்.

"ஐயா, அந்த தண்ணித் தொட்டி லெட்டரு..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள். "இங்க வேணாம்மா" என்றார் சேர்மன். "தப்பும்மா" என்றார் எம்.எல்.ஏ. அடக் கடவுளே! வராந்தாவிலிருந்து கேட் வரைக்கும் இருபது அடி இருந்தால் ஜாஸ்தி. உள்ளே பேசினால் சங்கத்துக்கு ஆகாது, கேட்டைத் தாண்டிப் பேசினால் கட்சிக்கு ஆகாது. நடுவில் இருந்த அந்த இருபது அடியில் ஒரு நாளாவது நின்று பேசியிருக்கலாம். இரண்டு பேரும் அதை வேகமாகத்தான் கடந்தார்கள்.

பிறகு எம்.எல்.ஏ.வுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. சேர்மன் கட்சிக் காரை விட்டுவிட்டு ஆட்டோவில் போய், மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து கஞ்சி வரவழைத்துக் கொடுத்தாராம். திரும்பி வந்தவரிடம், "சார், தொட்டிய ஞாபகப்படுத்துனீங்களா?" என்றேன். என்னை ஏதோ கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "படுத்துக் கெடக்குற மனுஷங்கிட்ட தொட்டியப் பத்தியாம்மா கேப்பாங்க?" அதே வாரம் பொதுக்கூட்டத்தில், "வக்கில்லாத எம்.எல்.ஏ." என்று மறுபடியும் ஆரம்பித்தார். என் தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த தேர்தலில் எம்.எல்.ஏ. தோற்றுப் போனார். மூன்றே வாரத்தில் எங்கள் சேர்மன், காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கியபடியே போய்விட்டார். எனக்கு அவர்மேல் எவ்வளவு கோபமோ அவ்வளவு பிரியமும் இருந்தது. அன்றைக்கு மேஜையில் தலை கவிழ்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதுதான் எம்.எல்.ஏ. வந்தார். அவர் எங்கள் நகராட்சி ஆபீஸ் படியேறியது அதுதான் முதல் தடவை. கூட யாருமில்லை. "ஏப்ரன எடுத்துக் குடும்மா. அவரோட வைக்கணும். பாடிய எடுக்குறதுக்குள்ள போவணும்" என்றார்.

பீரோவைத் திறந்து பையைக் கொடுத்தேன். சரிபார்க்க ஜிப்பை இழுத்தார். வெள்ளைத் தோலுக்கு அடியிலிருந்து காகிதங்கள் கட்டாக மேஜையில் சரிந்தன. எல்லாம் நான் அடித்த கடிதங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மாதத்துத் தேதி, சேர்மனின் கையெழுத்து, ஆபீஸ் சீல். அந்த மனிதர் ஒவ்வொரு மாதமும் கடிதத்தை ஏப்ரனோடு மண்டபத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார், ஒவ்வொரு மாதமும் கொடுக்காமலேயே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்.

எம்.எல்.ஏ. ஒன்றை எடுத்து வரி விடாமல் படித்தார். "எனக்கு ஒண்ணு கூட வரலம்மா" என்றார். "அன்னிக்கு வராந்தாவுல நீ இன்னா லெட்டரச் சொன்னேன்னே எனக்குப் புரியல."

"அப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா! எங்கம்மா குடத்த வச்சிக்கினு ரோட்ல நிக்கிறாங்க!" என்று கத்தியே விட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

"அங்க கேக்கக் கூடாதும்மா" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடிதத்தின் ஓரத்தில் 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் அதன் கீழே 'சட்டமன்ற உறுப்பினர்' என்றும் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் அந்த வார்த்தைக்கு மேலே, இடுக்கில், சின்ன எழுத்தில் 'முன்னாள்' என்று சேர்த்தார். ஏப்ரனை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். "கையெழுத்து மட்டும் அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு குடம் கழுவ எழுந்து போனாள். எதற்கும் உதவாத அந்தக் காகிதம் இன்னும் பீரோவில், இரண்டாவது தட்டில்தான் இருக்கிறது.

அதே தட்டில்தான் புதிய சேர்மன் தன் பையை வைக்கச் சொல்கிறார். இப்போதைய எம்.எல்.ஏ.வும் எதிர்க்கட்சிதான். அவரும் அந்தச் சங்கத்தில் சேரப் போகிறார் என்று கேள்வி. அவர் பெயருக்கு நான் அடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து சேர்மன் முன்னால் வைத்தேன். படித்தார். 'தாழ்மையுடன்' வந்ததும் இவர் முகமும் சுண்டியது.

"சங்கத்துக்கு வருவாருல்ல, கூட்டத்துல பாப்பேம்மா, நானே நேர்ல..."

"மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் போட்டார். அவர் கண் முன்னாலேயே உறையில் போட்டு மூடி, ஸ்டாம்ப் ஒட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்கம்மா போற?"

"போஸ்ட் ஆபீசுக்கு சார். போய்ட்டு வந்து உங்க ஏப்ரன உள்ள வைக்கிறேன்."