கண்ணாடி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை

அத்தானுக்கு உட்காரும்போது பின்னால் பார்க்கும் பழக்கம் கிடையாது. அன்றைக்கும் ஃபோனில் செய்தி கேட்டுக்கொண்டே சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். நறுக்கென்று ஒரு சத்தம்.

குளியலறையிலிருந்து முகத்தைத் துடைத்தபடி வந்த சின்னவளுக்கு அவர் முகம் தெரியவில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை ஏந்தி நிற்பவர் மாதிரி, இரண்டு கையையும் குவித்துக்கொண்டு அவர் நிற்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"என்னத்தான் கையில?"

"உன் கண்ணாடிம்மா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்ணாடியா இருந்துச்சு," என்றார்.

ஒரு லென்ஸ் நடுவில் பிளந்திருந்தது. இன்னொன்று ஓரமெல்லாம் நொறுங்கியிருந்தது. ஃபிரேமின் கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். அக்காவைவிட எட்டு வயது இளையவள். படிப்பு முடித்ததிலிருந்து அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். கடைவீதியில் உள்ள ஒரு பெரிய கண்ணாடிக் கடையின் பின்னறையில் வருகிறவர்களுக்குக் கண் பரிசோதித்துப் பவர் சொல்வது அவள் வேலை. அவளுக்கே இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழு. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் சிலர் பின்னாளில் அவளிடமே வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போனார்கள். அவள் எல்லோரிடமும் தவறாமல் ஒரு புத்திமதி சொல்வாள்: "ஸ்பேரா இன்னொண்ணு செஞ்சு வச்சுக்குங்க, எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

அவளிடம் ஸ்பேர் கிடையாது.

அந்த வாரமே சரியில்லை. குடையை பஸ்ஸில் விட்டாள். கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டை, அத்தானின் புது டீ-ஷர்ட்டோடு ஊறி வெளிர் நீலமாகிவிட்டது. இப்போது இது.

"பேசாம லீவு போடேன்டி," என்றாள் அக்கா.

"இன்னொரு பொண்ணு பிரசவத்துக்குப் போயிருக்காக்கா. நான் போகலைன்னா கண்ணு பாக்க ஆள் இல்ல."

"கண்ணு தெரியாம நீ போய் என்னத்தப் பாப்ப?"

ஆனாலும் கிளம்பினாள். குற்ற உணர்ச்சியில் கரைந்துகொண்டிருந்த அத்தான், பஸ் நிறுத்தம்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பஸ் வந்ததும், ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "ஏங்க, இந்தப் பொண்ணைக் கொஞ்சம் கடைவீதியில இறக்கி விட்டுடுங்க. கண்ணு தெரியாது," என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். பஸ்ஸில் ஆளாளுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். யாரோ அவள் பையை வாங்கி மடியில் வைத்தார்கள். யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டு, "காத்து வருதா கண்ணு?" என்று கேட்டார்கள். இல்லை, எனக்குக் கண் தெரியும் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பைக்குள் ஃபோன் கூவியது. பழக்கதோஷத்தில் எடுத்து, மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏம்மா, கண்ணு தெரியாதுன்னாரே?"

"கிட்டத்துல தெரியுங்க."

"ஓஹோ."

அந்த ஓஹோ பஸ் முழுக்கப் பரவியது. எழுந்து இடம் கொடுத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சின்னவள் பையை அள்ளிக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அது கடைவீதிக்கு முந்தின நிறுத்தம்.

தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற தெருதான். நடந்ததில்லை. அவமானம் காதுவரை கொதிக்க, விடுவிடுவென்று நாலு எட்டு வைத்தாள். அப்புறம் தானாகவே கால் மெதுவாகிவிட்டது. வேகமாக நடக்க முடியாது. எங்கே தரை முடிகிறது, எங்கே படி ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

எதற்கும் ஓரம் இல்லாமல் இருந்தது. மரமும் அதன் பின்னால் இருந்த வீடும் ஒரே பச்சையாகக் கரைந்து கிடந்தன. எதிரே வருகிறவர்கள் முதலில் ஒரு நிறமாக வந்தார்கள், அப்புறம் ஒரு நடையாக, கடைசியில்தான் மனுஷராக. சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டே வெயிலிலிருந்து பிரிந்து வந்து, மறுபடி வெயிலுக்குள்ளேயே போய்விட்டது. சிக்னல் விளக்கு சிவப்பாகப் பூத்து, கூம்பி, பச்சையாகப் பூத்தது. ஆறு வயதில் கண்ணாடி போட்ட பிறகு இந்த உலகத்துக்குள் அவள் வந்ததே இல்லை. தூங்கப் போகும்போது கழற்றுவாள், எழுந்ததும் தடவி எடுத்து மாட்டுவாள். நடுவில் இருப்பது தலையணை மட்டும்தான்.

சுவர் ஓரம் ஒரு வெள்ளை நாய்க்குட்டி படுத்திருந்தது. குனிந்து, "என்னடா செல்லம்," என்று கை நீட்டினாள். அது காற்றில் எழுந்து பறந்து போயிற்று. பிளாஸ்டிக் பை.

கொஞ்ச தூரத்தில், மேல்மாடி ஜன்னலிலிருந்து யாரோ அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். தெரிந்தவராக இருக்கும் என்று அவளும் அசைத்தாள். மேலே அந்தக் கை சட்டென்று நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அவர் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவர். ஓடிவிடலாமா என்று நினைப்பதற்குள், அந்தக் கை மறுபடி அசைந்தது. இந்த முறை துடைக்கிற மாதிரி இல்லை. ஆணா பெண்ணா, சிறுசா பெருசா, ஒன்றும் தெரியவில்லை. சின்னவள் இன்னொரு தடவை கையசைத்துவிட்டு நடந்தாள். கோபம் எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

கடைக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தாள். லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துகிற ஃபிட்டர் அண்ணன் அவளைப் பார்த்ததும், "யாருப்பா இந்தப் புதுப் பொண்ணு?" என்றார்.

"சிரிக்காதீங்கண்ணே. மைனஸ் ஏழு இருக்கா?"

"ஸ்டாக்ல இல்ல. சாயங்காலம் வண்டி வரும், கொண்டாரச் சொல்றேன். அதுவரைக்கும் நீயே எல்லாருக்கும் கண்ணு பாரு. நல்லா விளங்கும்."

அப்படி ஒன்றும் விளங்காமல் போகவில்லை. பலகையில் இருக்கும் எழுத்து வரிசை அவளுக்குத் தூக்கத்திலும் வரும். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பது கிட்டத்து வேலை, அதற்குக் கண்ணாடி தேவையில்லை. சோதனைக்கென்று இருக்கும் கனத்த ஃபிரேமில் மைனஸ் ஏழைச் செருகித் தானே மாட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் கடையில் இருப்பது ஒன்றே ஒன்று, அது வருகிறவர் மூக்கில் இருக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் மாட்டிப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் மூக்குத் தண்டு வலித்தது. கழற்றி வைத்துவிட்டாள்.

கழற்றாமல் இருந்திருக்கலாம்.

ஏசி மெக்கானிக் அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் போல ஒரு நீலச் சட்டை அறைக்குள் வந்து, அண்ணாந்து ஏசியைப் பார்த்தபடி நின்றது.

"வாங்க வாங்க," என்றாள் சின்னவள். "இப்பவாச்சும் வழி தெரிஞ்சுதே. நாலு மாசமா இது என் கழுத்துல சொட்டிக்கிட்டிருக்கு. துண்டு போட்டுக்கிட்டு வேலை பாக்கறேன்."

"ம்," என்றது சட்டை.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. எங்க முதலாளி ஃபோன் பண்ணினாத்தானே நீங்க வருவீங்க. அவர்கிட்ட என்ன சொன்னாலும் ஒரே பதில்தான்." குரலைக் கனமாக்கி, தாடையை இறக்கி, அவர் மாதிரியே சொல்லிக் காட்டினாள்: "பாக்கலாம்! நெருப்புப் பிடிச்சிருக்குன்னு சொன்னாலும் பாக்கலாம்பாரு."

"வேற?"

மெக்கானிக்குக்கு இவ்வளவு அக்கறையா என்று அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. வருகிறவர்களை உட்கார வைக்கிற நாற்காலி மேலே ஏறினால் இறங்குவதில்லை என்றாள். மதியம் உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு மாசமாகிறது என்றாள். கண்ணு பார்க்கும்போது அழுகிற குழந்தைகளுக்குச் சனிக்கிழமை காலையை மட்டும் தனியாக ஒதுக்கி, எழுத்துக்குப் பதில் படம் வைத்து நிதானமாகப் பார்க்க ஆசை, யாரிடம் சொல்வது என்றாள். அதை அவள் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. முகம் தெரியாததால் வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது.

நீலச் சட்டை கதவுவரை போய் நின்றது.

"பாக்கலாம்," என்றது.

அது சின்னவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். அவர் போன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஃபிட்டர் அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, இப்ப உள்ள வந்தது யாரு?"

"முதலாளி. மெக்கானிக் நாளைக்குத்தான் வர்றானாம், அதைச் சொல்ல வந்தாரு. ஏன்?"

விஷயத்தைக் கேட்டு அவர் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். லென்ஸ் அறுக்கிற இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சின்னவளுக்கு அழுகை வந்தது, பாதியில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் வண்டி வந்தது. புது ஃபிரேமில் முதல் லென்ஸ் அழகாக உட்கார்ந்தது. இரண்டாவது, இயந்திரத்தில் பாதி சுற்றியதும் டிக்கென்று வாய் பிளந்தது.

"இன்னிக்கு யார் முகத்துல முழிச்ச?" என்றார் ஃபிட்டர் அண்ணன்.

"அத்தான் முகத்துல. தெளிவாத் தெரியல, ஆனா அவர்தான்."

ஒற்றை லென்ஸோடு வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. வலது கண்ணால் பார்த்தால் கடைப் பலகைகள், கிழிந்த போஸ்டர், வேலை முடிந்து தொங்கிப்போன முகங்கள். இடது கண்ணால் பார்த்தால் எல்லா விளக்கும் பெரிதாகி, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு மிதந்தன. அதிக நேரம் இடது கண்ணையே திறந்து வைத்திருந்தாள்.

நிறுத்தத்தில் அத்தான் காத்துக்கொண்டிருந்தார். கையில் கண்ணாடி வைக்கிற பெட்டி ஒன்று, இரும்பு மாதிரி.

"இது மேல நானே உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாதாம். கடைக்காரர் சொன்னாரு."

"உக்காந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் கூச்சத்தோடு.

மறுநாள் ஏசி சரியானது. இப்போது குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாள். நாற்காலி இன்னும் இறங்கவில்லை. முதலாளி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கடை வாசலில், சனிக்கிழமை காலை குழந்தைகளுக்கு மட்டும் என்று ஒரு பலகை தொங்கியது. யானை, குடை, வாத்து போட்ட ஓர் அட்டையும் அவள் அறைக்கு வந்து சேர்ந்தது. நன்றி சொல்ல மாடியில் இருந்த முதலாளி அறைக்குப் போனாள். அவர் தலையைத் தூக்காமல், "பாக்கலாம், எப்படிப் போகுதுன்னு," என்றார்.

இரண்டாவது லென்ஸ் அந்த வாரம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மொட்டை மாடிக்குப் போய்க் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஒருநாள் துணி எடுக்க வந்த அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"கண்ணாடிய கழட்டி வச்சுட்டு எதைடி இப்படிப் பாத்துக்கிட்டிருக்க?"

"தெருவிளக்கை."

"என்ன இருக்கு அதுல?"

சொல்லத் தெரியாமல் சின்னவள் கையை விரித்துக் காட்டினாள். அக்கா துணியைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, இன்னும் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது, பாவம்.