தினம் ஒரு ஓட்டை

மருந்துக்கடை மாடியில் டியூஷன் நடத்திய கணக்கு மிஸ், பதினெட்டு வருடமாகத் தினம் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டார். ஒன்றே ஒன்று. அதற்கு மேல் ஒருநாளும் போனதில்லை, ஒன்றும் இல்லாமல் இருந்ததும் இல்லை. அதைப் பார்க்கத்தான் நாற்பது பிள்ளைகள் படியேறினார்கள்.

பதினாறு பேர் உட்காரும் அறையில் நாற்பது பேர். செருப்புகள் படிக்கட்டில் வழிந்து மருந்துக்கடை வாசல்வரை வரும். மூக்கடைப்புக்கு மாத்திரை வாங்க வந்தவர்கள் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "மேல டாக்டர் உக்காந்திருக்காரா?" என்று கேட்பார்கள்.

அந்த நாற்பதில் ஒரு இடம் பிடிப்பதும் லேசில்லை. டியூஷனில் சேர மிஸ் நுழைவுத் தேர்வு வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராததால் டியூஷனுக்கு வரும் பிள்ளைக்கு, டியூஷனில் சேரும் அளவுக்குக் கணக்கு வர வேண்டும். இதில் என்ன நியாயம் என்று எந்தப் பெற்றோரும் கேட்கவில்லை. கேட்டால் இடம் போய்விடும். "வீக்கான பசங்கள நான் எடுக்கறதில்லங்க" என்று மிஸ் வாசற்படியிலேயே சொல்லிவிடுவார், அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே. ஆக, இவருக்காக யாரும் கைக்குட்டையைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தப்பு வேறு விஷயம். போர்டில் ஐந்தாறு கணக்குகளைப் போட்டுக்கொண்டே போவார். எங்கோ ஓரிடத்தில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், வேண்டுமென்றே தப்பு வைப்பார். அந்த அறையில் அதற்குப் பெயர் ஓட்டை. கண்டுபிடித்த பிள்ளை எழுந்து நின்று "ஓட்டை!" என்று கத்த வேண்டும். கத்தியவருக்கு அன்றைக்கு வீட்டுப்பாடம் கிடையாது. தப்பே இல்லாத இடத்தைப் பார்த்துக் கத்தித் தொலைத்தால் வீட்டுப்பாடம் இரட்டிப்பு. இதனால் நாற்பது பிள்ளைகளும் போர்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சந்தேகப் பிராணியான மாமியார்கூட மருமகள் வைத்த குழம்பை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

யாரும் கண்டுபிடிக்காவிட்டால் மிஸ் காட்டித் தர மாட்டார், போர்டில் அந்தக் கணக்கை மட்டும் அழிக்கவும் மாட்டார். ஒருமுறை ஒரு ஓட்டை மூன்று நாள் அப்படியே கிடந்தது. நான்காம் நாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவனுக்குச் சட்டென்று பொறிதட்டி, எச்சில் கையோடு ஓடி வந்து படிக்கட்டிலிருந்தே கத்தினான்.

ஓட்டை வைப்பதில் ஒரு கணக்கு உண்டு. ஏழெட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினால் அது ஓட்டை இல்லை, அசட்டுத்தனம். பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய தப்பாக இருக்க வேண்டும். அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் நின்றால் உள்ளே இருப்பவற்றின் குறி எல்லாம் மாற வேண்டும். முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவார்கள் பிள்ளைகள். மிஸ்ஸும் அப்படியே விடுவார். பாடத்தைத் தயார் செய்யப் பத்து நிமிடம் என்றால் ஓட்டைக்கு அரை மணி நேரம். இதைப் பெற்றோரிடம் அவர் சொன்னதே இல்லை. பிள்ளைகளும் மூச்சு விட்டதில்லை.

பிறகுதான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் போன் வந்தது. கணக்கைப் படம் பிடித்துக் காட்டினால் ஏஐ வரிவரியாகப் போட்டுக் கொடுத்தது. ஒரே கேள்வியை ஒன்பது தடவை கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை. முக்கியமாக, அது நுழைவுத் தேர்வு வைக்கவில்லை. மிஸ் வாசற்படியில் திருப்பி அனுப்பிய பிள்ளைகள்தான் முதலில் அதனிடம் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் மிஸ்ஸின் பிள்ளைகளைவிட அதிகமாக மார்க் வாங்கினார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா?

டியூஷனை நிறுத்துவதாக யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. "பாப்பாவுக்கு லேசா தலைவலி மிஸ், நாளைக்கு அனுப்பறேன்" என்று போன் வரும். ஒரு பாப்பாவுக்கு நான்கு மாதம் தலைவலி. கீழேயே மருந்துக்கடை இருந்தும் குணமாகவில்லை.

நாற்பது இருபதாகி, இருபது ஒன்பதில் வந்து நின்றது. அந்த ஒன்பது பேரின் வீட்டுப்பாடமும் திடீரென்று பளபளத்தது. 'மேற்கண்ட சமன்பாட்டிலிருந்து நாம் அறிவது யாதெனில்' என்று ஒருவன் எழுதிக்கொண்டு வந்தான்.

"யாதெனில்னா என்னடா?"

"தெரியாது மிஸ். அதுவும் கூடவே வந்துச்சு."

வீட்டில் பேச்சு ஆரம்பித்தது. ஐந்து பேருக்குக் கீழே போனால் மாடி அறையைக் காலி செய்துவிடுவது என்று கணவர் சொல்ல, மிஸ் தலையாட்டினார். அதற்குப் பிறகு எங்கே போவது என்பதற்கும் பதில் தயாராக இருந்தது. கணவரின் தங்கை பள்ளிச் சீருடைக் கடை வைத்திருந்தாள். அவள் ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்லாவுல வந்து உக்காருங்க அண்ணி. உங்களுக்குத்தான் கணக்கு நல்லா வருமே."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே மிஸ் குறைந்தது ஐந்து பேரையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து வைக்க முடிவு செய்தார்.

அந்த ஒன்பதில் கெட்டிக்காரி ஒரு இரட்டைச்சடை. ஓட்டையை மோப்பம் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவள் அப்பா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எதற்கும் அத்தாட்சி கேட்கும் மனிதர். மகள் டியூஷனில்தான் இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சியாக, வகுப்பு தொடங்கிய அரை மணிக்குள் போர்டைப் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவள் அனுப்பினாள். ஒருநாள் அவருக்குப் பொழுது போகவில்லை. படங்களை எல்லாம் போனிடம் கொடுத்து, சரியா பார் என்றார். பார்த்துச் சொன்னது. அதை அவர் பெற்றோர் குழுவில் போட்டார்: 'இருபத்தோரு நாள். இருபத்தோரு தப்பு. சும்மா தகவலுக்கு.'

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றோர் எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ்" என்று ஆரம்பித்தார் இன்ஷூரன்ஸ்காரர். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லப்போகிறவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "வயசானா யாருக்கும் கவனம் சிதறும்."

"எனக்கு நாப்பத்தி நாலு."

"அதான் சொல்றேன்."

மிஸ் ஓட்டையைப் பற்றிச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகப் பெரியவர்களிடம் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது மாட்டிக்கொண்டவர் சொல்லும் சாக்கு மாதிரி கேட்டது.

"வேணும்னே தப்பு போட்டீங்களா?" என்றாள் ஒரு அம்மா. "இது என்ன மிஸ், டாக்டர் வேணும்னே தப்பு ஊசி போட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு!"

மிஸ் இன்ஷூரன்ஸ்காரர் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணையே கேளுங்க."

அப்பாவோடு வந்திருந்த இரட்டைச்சடை எழுந்து நின்றாள். "உண்மைதான்ப்பா. தினம் ஒரு ஓட்டை இருக்கும்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திடுவ."

யாரும் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ்காரருக்கு மகளின் சாட்சி போதவில்லை. போனை எடுத்தார். "ஒரு டீச்சர் வேணும்னே போர்டுல தினம் ஒரு தப்பு வெச்சு, பசங்கள கண்டுபிடிக்கச் சொல்றாங்க. இது சரியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். பதிலைச் சத்தமாக வாசித்தார். இது மிகச் சிறந்த முறை, கவனத்தையும் தன்னம்பிக்கையையும் வளர்க்கும், இப்படி ஒரு ஆசிரியர் கிடைத்தது அந்த மாணவர்களின் பாக்கியம் என்றது போன்.

அறையில் காற்றே மாறிவிட்டது. ஊசி உதாரணம் சொன்ன அம்மா எழுந்து வந்து மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க மிஸ். எங்களுக்கு என்ன தெரியும்?" பதினெட்டு வருடம் மிஸ் சொல்லாமலே நம்பியவர்கள், அன்றைக்கு மிஸ் சொல்லியும் நம்பாமல், போன் சொன்னதும் நம்பினார்கள். மிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது பேரும் தொடர்ந்து வந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது இன்ஷூரன்ஸ்காரர் மட்டும் போனில் இன்னும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்தது.

"மிஸ், இங்க பாருங்களேன்! இதே மாதிரி என் பொண்ணுக்குத் தினம் ஒரு ஓட்டை வெச்சுக் கணக்கு கொடுன்னு கேட்டேன். கொடுத்துடுச்சு! ஒம்பதாவது பசங்க வழக்கமா பண்ற தப்பாவே பாத்து வெச்சிருக்கு." பூரிப்போடு மிஸ்ஸின் முகத்துக்கு நேரே நீட்டினார். "எல்லாம் உங்க மெத்தட்தான்."

மற்ற பெற்றோர் ஒரு செருப்பு மாட்டியும் மாட்டாமலும் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தார். அந்த அறையில் நடந்த வகுப்புகளிலேயே எல்லாருக்கும் முதல் தடவையிலேயே புரிந்த வகுப்பு அதுதான்.

திங்கட்கிழமை மூன்று பேர் வந்தார்கள்.

மிஸ் வாக்கு மாறாதவர். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சீருடைக் கடைக் கல்லாவில் போய் உட்கார்ந்தார். நாத்தனார் முதல் நாளே எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "அண்ணி, இங்க வேணும்னு தப்பு பண்ணினாலும் தப்புதான்." துணி மடிக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்து வைத்தார்.

பள்ளி திறக்கும் வாரத்தில் கடையில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் இரட்டைச்சடையும் அவள் அப்பாவும் வந்தார்கள். துணிக்கு அளவு பார்த்து முடிந்ததும் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கல்லா மேஜைமேல் வைத்தாள்.

"மிஸ், இதை ஒரு தடவை பாருங்க மிஸ்."

"ரெண்டு நாளா இதே ரகளைதான்" என்றார் அப்பா. "போன் கொடுத்த கணக்கு. அது ஒரு ஓட்டைதான் வெச்சேங்குது. இவ ரெண்டு இருக்குங்கறா. திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன், ஒண்ணுதான்னு அடிச்சுச் சொல்லுது. இவ கேக்க மாட்டேங்கறா."

மிஸ் நோட்டைப் பார்த்தார். முதல் வரியில் அடைப்புக்குறியின் மைனஸ். அது வேண்டுமென்று வைத்தது. கடைசி வரியில் மைனஸ் இரண்டால் வகுத்திருந்தது. மைனஸால் வகுத்தால் 'பெரியது' என்ற குறி 'சிறியது' என்று திரும்ப வேண்டும். திரும்பவில்லை. அது போன் தெரியாமல் செய்த தப்பு. இரட்டைச்சடை இரண்டையும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. ஆறேழு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு குளிர்ந்தது. வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க மிஸ்" என்றார் இன்ஷூரன்ஸ்காரர், போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு. "ரெண்டுன்னா எந்த இடம்னு சொல்லுங்க, அதையும் இதுக்குச் சொல்லிக் கொடுத்துடலாம். சொன்னா டக்குனு பிடிச்சுக்குது."

மிஸ் திறந்த வாயை மூடினார். பின்னால் வரிசை நின்றது. நாத்தனார் அங்கிருந்தே, "அண்ணி, பில்லு!" என்றாள்.

"போன் சொல்றது சரிதான்" என்றார் மிஸ். "ஒண்ணுதான்."

இரட்டைச்சடை அவர் முகத்தையே பார்த்தாள். எழுந்து நின்று கத்துவதா வேண்டாமா என்று அந்த மாடியில் யோசித்த மாதிரியே பார்த்தாள். மிஸ்ஸின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"தேங்க்ஸ் மிஸ்" என்றார் அப்பா. "நீங்க சொன்னாத்தான் நம்புவேன்னு அடம் பிடிச்சா. அதான் இங்கயே கூட்டிட்டு வந்தேன்."

அவள் கல்லா ஓரமாக நகர்ந்து நின்று, ரப்பரை எடுத்து, கடைசி வரியில் போட்டிருந்த வட்டத்தை அழித்தாள். தாள் கிழியாமல், கவனமாக அழித்தாள். மிஸ் பில்லைக் கிழித்து அப்பாவிடம் நீட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.